61 நாள் தடைக்காலமும் எட்டுப் பாட்டும்: எங்கள் இரண்டாவது ஆல்பத்தின் நிகழ்வு ஆய்வு

ஆல்பம் வெளியான அன்று எங்கள் டிரம்மர் ராமேசுவரம் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான்.

அது ஜூன் 14, வெள்ளிக்கிழமை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 அன்று தொடங்கும் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் ஓடி அன்றைக்கு நள்ளிரவோடு முடிகிறது. மறுநாள் சனிக்கிழமை, ராமேசுவரம் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் முறைநாள். ரெண்டு மாதம் கரையில் கிடந்த படகுக்கு டீசல், ஐஸ், தண்ணி, வலை, அரிசி, பருப்பு என்று எல்லாம் ஏற வேண்டிய ஒரே பகல் அது. அந்தப் பகலைத்தான் நாங்கள் ஆல்பம் வெளியிடத் தேர்ந்தெடுத்திருந்தோம்.

காலை பத்து மணி வாக்கில் அவனே போன் செய்தான்.

“அண்ணே, பாட்டு வந்திருச்சா?”

“நடுராத்திரியே வந்திருச்சுடா. நீ கேட்டியா?”

“எங்கண்ணே... கையெல்லாம் ஐஸு, போனைப் பிடிக்க முடியல. பக்கத்துப் பயகிட்டக் குடுத்துப் பிடிக்கச் சொல்லித்தான் பேசுறேன். போய்ட்டு வந்து கேக்குறேன்.”

எட்டுப் பாட்டிலும் டிரம்ஸ் வாசித்தவன் அந்த ஆல்பத்தை ஞாயிற்றுக்கிழமை மதியம், மீனை இறக்கிவிட்டுக் குளித்துச் சாப்பிட்ட பிறகுதான் முழுசாகக் கேட்டான். அவனுக்கே அந்த நிலை என்றால், யாருக்காக அந்தப் பாட்டுகளை எழுதினோமோ அவர்கள் கேட்டிருப்பார்களா? கேட்கவில்லை. முதல் வாரத்தில் ஆல்பம் கேட்கப்பட்ட எண்ணிக்கை, முதல் ஆல்பம் ஒரே நாளில் தொட்டதைக்கூடத் தொடவில்லை.

எங்கே பிசகியது, பிறகு எப்படிச் சரியானது என்று எழுதி வைக்கிறேன். ஊரில் இருந்துகொண்டே பாட்டுப் போட நினைக்கும் தம்பிகள் சிலர் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்தக் குழுவில் நான் பேஸ் கிதார் வாசிக்கிறேன். வெளியீட்டு வேலை முழுக்க என் கையில் இருந்தது. தேதி குறித்தவனும் நான்தான்.

முதல் ஆல்பத்திலிருந்து இரண்டாவதுக்கு

நாங்கள் நாலு பேர். பாடுகிறவர் ராமநாதபுரத்தில் பள்ளி ஆசிரியர். லீட் கிதார் வாசிப்பவன் பாம்பனில் மொபைல் கடை வைத்திருக்கிறான். டிரம்மர், என் சித்தி மகன், விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். எனக்கு மண்டபத்தில் படகு எஞ்சின் உதிரிபாகக் கடையில் வேலை. ஊரில் கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா, கல்யாண வீடு என்று வாசித்துத்தான் வளர்ந்தோம். மெல்லிசைக் குழுவாகக் கூப்பிடுவார்கள். நடுவில் எங்கள் சொந்தப் பாட்டு ரெண்டைச் செருகிவிடுவோம்.

அப்படிச் செருகிச் செருகிப் பல வருஷம் வாசித்த பாட்டுகள்தான் முதல் ஆல்பம். சென்னையில் ஒரு ஸ்டூடியோவை நாலு நாள் வாடகைக்கு எடுத்து, ஒன்பது பாட்டையும் முடித்துவிட்டு ராமேசுவரம் ரயிலைப் பிடித்தோம். நாலு நாளில் முடிந்ததற்குத் திறமை பெரிய காரணமில்லை. எந்த இடத்தில் கூட்டம் கைதட்டும், எந்த இடத்தில் எழுந்து டீ குடிக்கப் போகும் என்பதெல்லாம் வாசித்தே தெரிந்திருந்தது.

இரண்டாவது ஆல்பத்துக்கு அந்த வசதி கிடையாது. சேர்த்து வைத்த பாட்டெல்லாம் தீர்ந்துவிட்டது. ராக் இசையில் எல்லாக் குழுவும் இந்த இடத்தைக் கடந்துதான் போயிருக்கிறது. லெட் செப்பலின் என்ற குழுவினர் தங்கள் முதல் ஆல்பத்தை 1969 ஜனவரியிலும் இரண்டாவதை அதே ஆண்டு அக்டோபரிலும் வெளியிட்டார்கள். சுற்றுப்பயணத்துக்கு நடுவே போன இடத்தில் கிடைத்த ஸ்டூடியோவில் துண்டு துண்டாகப் பதிவு செய்த ஆல்பம் அது. ஸ்டோன் ரோசஸ் 1989-ல் முதல் ஆல்பம் போட்டுவிட்டு இரண்டாவதுக்கு 1994 டிசம்பர் வரை எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது மாதமும் ஆகலாம், ஐந்து வருஷமும் ஆகலாம். எங்களுக்கு அந்தக் கணக்கைக் கடல் போட்டுக் கொடுத்தது. டிரம்மர் தொடர்ந்து கரையில் இருப்பது வருஷத்தில் அந்த 61 நாள்தான். மற்ற நாளில் திங்கள், புதன், சனி அவன் கடலில். இடையில் கிடைக்கும் நாளில் தூக்கம்.

அதனால் வெளியீட்டுக்கு முந்தைய வருஷத் தடைக்காலத்துக்குள் பதிவு, தடைக்காலத்தைப் பற்றியே பாட்டு என்று முடிவு செய்தோம். படகு மேடேறிக் கிடப்பது, பெயிண்ட் வாசம், வட்டிக்கு வாங்கிய பணம், பகலில் வீட்டில் இருக்கும் அப்பாவைப் பார்த்துப் பழக்கமில்லாத பிள்ளைகள். எட்டுப் பாட்டும் அதிலிருந்து வந்தவை.

வலை குடோன்

ஸ்டூடியோ வாடகைக்குப் பணம் இல்லை. லீட் கிதார்காரனின் தாய்மாமா தங்கச்சிமடம் பக்கம் வடகடல் ஓரத்தில் ஒரு வலை குடோன் வைத்திருக்கிறார். செங்கல் சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்ட் தரை. முதலில் பார்க்கப் போனது மார்ச் மாதம். உள்ளே நின்று ஒரு கை தட்டினேன். சத்தம் ரெண்டு சுவருக்கும் நடுவே டரரரவென்று அடித்துக்கொண்டு ஓடியது. இது ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் கடைசியில் வேறு வேலையாக அங்கே போனபோது தடைக்காலம் தொடங்கி, படகுகளிலிருந்து இறக்கிய வலையெல்லாம் குடோனுக்குள் வந்திருந்தது. மூன்று பக்கச் சுவரிலும் நெஞ்சு உயரத்துக்கு வலைக் குவியல். சும்மா ஒரு கை தட்டிப் பார்த்தேன். தட்டிய இடத்திலேயே சத்தம் நின்றுவிட்டது. மாமாவிடம், “மாமா, இன்னும் ஒன்னரை மாசத்துக்கு இந்த எடத்த எங்களுக்குக் குடுங்க” என்று கேட்டேன். “வலை பொத்த ஆளுங்க பகல்ல வருவாங்க மாப்ள, ராத்திரி வேணா வச்சுக்கங்க” என்றார்.

ஏன் அப்படி ஆனது என்பது எளிய இயற்பியல். இடைவெளி நிறைந்த, காற்று புகுந்து வரக்கூடிய பொருள் ஒலியை உள்ளே இழுத்து உராய்வில் வெப்பமாக்கிக் கரைத்துவிடும். பொருள் எவ்வளவு தடிமனோ அவ்வளவு கீழ்ச்சுரம் வரை பிடிக்கும். அலைநீளத்தில் நாலில் ஒரு பங்கு தடிமன் இருந்தால் அந்தச் சுரத்தில் நன்றாக வேலை செய்யும் என்பது கணக்கு. ஒரு மீட்டர் கனத்துக்கு வலை குவிந்தால் ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸ் வரை இறங்கலாம். ஸ்டூடியோவில் சுவரில் ஒட்டும் ரெண்டு அங்குல ஸ்பாஞ்சு இதில் பாதி வேலைகூடச் செய்யாது. அதோடு வலைக் குவியலுக்குச் சமதளம் என்று ஒன்று கிடையாது. மேடும் பள்ளமுமாக இருப்பதால் திரும்புகிற சத்தமும் சிதறிப்போகும். சிம்பல் அடித்தால் காதைக் கீறவில்லை, மினுமினுவென்று அடங்கியது. சென்னையில் பணம் கொடுத்து வாங்கியும் கிடைக்காத டிரம் சத்தம் மீன் வாசமடிக்கும் அந்தக் குடோனில் கிடைத்தது.

தொல்லைகளும் இருந்தன. மே மாதம் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழும்பிவிடும். குடோன் வடகரையில் இருந்ததால் கடல் அடங்கித்தான் கிடந்தது, கூரை அடங்கவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு மேல் காற்று கொஞ்சம் தணியும். மூன்றிலிருந்து ஆறரை வரைதான் எங்கள் பதிவு நேரம். கூரையில் ஆணி தளர்ந்த இடத்திலெல்லாம் சைக்கிள் டியூபை வெட்டி அடைத்தோம்.

உப்பு அதைவிட மோசம். மண்டபம், பாம்பன் பக்கம் இரும்பு எப்படி அரிக்கும் என்பது இந்தக் கரைக்காரர்களுக்குத் தெரியும். அரிமானத்தை ஆராயவே மண்டபத்தில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒரு நிலையம் உண்டு. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கு ஆண்டு முழுக்கப் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கிதார் கம்பி நாலாவது நாள் விரலில் துரு ஒட்டும். ஜாக் செருகும் இடத்தில் கரகரவென்று சத்தம். நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கிற, ஆனால் ஈரம் தாங்காத கண்டன்சர் மைக்கில் ஈரம் ஏறி எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவதுபோல ஒரு ஒலி வந்து, ஒரு முழு இரவின் வேலை வீணாயிற்று. அதற்குப் பிறகு கண்டன்சரைப் பாடுகிறவருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றுக்கும் ஷூர் எஸ்எம் 57 மாதிரியான டைனமிக் மைக்கையே போட்டோம். வேலை முடிந்ததும் மைக்குகள் மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தூங்கப் போகும்.

ஆறு பாட்டு முடிந்தது. ரெண்டு பாக்கி இருக்கும்போதே அந்த வருஷத் தடைக்காலம் முடிகிற ஜூன் 14 வந்துவிட்டது. ஒரே நாளில் குடோன் காலி. வலையெல்லாம் படகேறிப் போய்விட்டது. பாக்கி ரெண்டையும் டிரம்மருக்கு ஓய்வு கிடைத்த நாள்களில் அதே குடோனில் பதிவு செய்தோம். அதே மைக், அதே இடம், அதே ஆள். மிக்ஸிங் செய்கிறவருக்குச் சென்னைக்கு அனுப்பினோம். மறுநாளே கூப்பிட்டார்: “இந்த ரெண்டு பாட்டு மட்டும் எங்க எடுத்தீங்க? குளியலறையிலயா?”

ஒரு நாள் முழுக்க யோசித்த பிறகுதான் வலை போய்விட்டது என்பதே எங்களுக்கு உறைத்தது.

கிதாரையும் பேஸையும் காப்பாற்ற முடிந்தது. ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஒரு டிஐ பெட்டி வைத்து நேர் சிக்னலைத் தனியாகப் பதிந்து வைத்திருந்தோம். அந்தச் சிக்னலை மறுபடி ஆம்ப்ளிஃபயருக்குள் அனுப்பி மைக்கில் பிடித்தால் போதும், யாரும் திரும்ப வாசிக்க வேண்டியதில்லை. டிரம்ஸுக்கு அப்படி வழியில்லை. கழித்துப்போட்ட கிழிசல் வலையைக் கிலோ கணக்கில் விற்பார்கள். அதை ரெண்டு டாட்டா ஏஸ் நிறைய வாங்கி வந்து குடோனில் குவித்து, ரெண்டு பாட்டின் டிரம்ஸையும் புதிதாக எடுத்தோம். அந்த வலை இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டுதான் வைத்திருக்கிறேன்.

கிளிக்கும் அம்பாவும்

எட்டில் ஏழாவது பாட்டு கரைவலை அம்பாவை வைத்துக் கட்டியது. கரையில் நின்று ரெண்டு பக்கமும் கயிறு பிடித்து வலையை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏற்றுப் பாடுகிற பாட்டு அம்பா. பாம்பன் தீவில் இன்னமும் கரைவலை இழுக்கிறார்கள், பாடுகிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். பழைய ஆள் ஒருவர், எழுபதைத் தாண்டிய சம்மாட்டி (படகு, வலைக்குச் சொந்தக்காரர்), எங்களுக்காகப் பாட ஒத்துக்கொண்டார்.

நாங்கள் செய்த முதல் தப்பு அவர் காதில் ஹெட்போனை மாட்டியது. தாளம் பிசகாமலிருக்க டிக் டிக் என்று ஒலிக்கும் கிளிக்கை நிமிஷத்துக்கு 92 என்று ஓடவிட்டு அதோடு சேர்ந்து பாடச் சொன்னோம். அவர் ரெண்டு வரி பாடுவார், நிறுத்திவிடுவார். மூன்றாவது தடவை ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “தம்பி, இந்த டிக் டிக்குக்கு வலை கனக்கிறது தெரியாதுய்யா.”

மறுநாள் விடியலில் கரைக்குப் போய் நாங்களும் கயிறு பிடித்தோம். அப்போதுதான் அவர் சொன்னது விளங்கியது. வலை தூரத்தில் இருக்கும்போது பாட்டு நிதானமாக, மூச்சு விட்டு நடக்கும். நீரோட்டம் இழுத்தால் இன்னும் மெதுவாகும். வலையின் மடி கரையை நெருங்க நெருங்க, உள்ளே மீன் துள்ளுவது கண்ணில் பட்டதும் பாட்டு தானாக ஓட்டம் எடுக்கும். யாரும் வேகத்தைக் கூட்டுவதில்லை, கை கூட்டுகிறது. அந்தப் பாட்டிலிருந்து கிளிக்கை எடுத்துவிட்டோம். முதலில் அவர் குரலைத் தனியாக, கரையில் கயிறு இழுக்கும்போதே பதிந்தோம். டிரம்மர் அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து அதன்மேல் வாசித்தான். கயிறு இழுத்த கை என்பதால் அவனுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. எனக்கு ரெண்டு வாரம் ஆனது. ஆல்பத்தில் எங்களுக்குப் பெருமையான பாட்டு அதுதான்.

படிவத்தில் ஒரு கட்டம்

பாட்டை இணையத் தளங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் விநியோக நிறுவனங்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு படிவம் கேட்கும். இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர், பதிவின் உரிமையாளர். அம்பாப் பாட்டுக்கு நான் இசை, வரி ரெண்டிலும் “மரபு” என்று போட்டேன். மரியாதைக்காகத்தான் அப்படிப் போட்டேன். ஆனால் அந்தக் கட்டத்தில் மரபு என்று போட்டால் அந்தப் பாட்டுக்கு ஆசிரியர் என்று யாருமில்லை, எழுத்துக்கும் மெட்டுக்கும் பங்கு யாருக்கும் போகாது என்று பொருள். ஆசிரியர் வேலை பார்க்கும் எங்கள் பாடகர் அதைப் படித்துவிட்டு, “பெரியவர் பாடும்போது சொந்தமா மூணு வரி கட்டினாரே, அது யாரோட மரபு?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகவே ஒரு வக்கீல் நண்பரோடு உட்கார்ந்து 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைப் படித்தோம். எங்கள் பாட்டுக்குப் பொருந்துவது ரெண்டு. பழைய மெட்டு பொதுச்சொத்து, சரி. அவர் அன்றைக்குப் புதிதாகக் கட்டிய வரிகளுக்கு அவரே ஆசிரியர். அதற்கும் மேலாக, பாட்டு எவ்வளவு பழையதானாலும் அதைப் பாடிய கலைஞருக்கென்று தனி உரிமை உண்டு. அது 50 ஆண்டு நிற்கும். 2012 திருத்தம் அந்த உரிமையை இன்னும் பலப்படுத்தி, தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையையும் கலைஞருக்குக் கொடுத்தது. பாட்டு ஊருடையது என்பதால் பாடுகிறவருக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்று நினைப்பது தப்பு. நாட்டுப்புறக் குரலைப் பிடித்து வைத்திருக்கிற எத்தனையோ பதிவுகளில் இந்தத் தப்பு நடந்திருக்கிறது. அதைச் செய்ய இருந்தவர்களில் நாங்களும் இருந்தோம்.

ஒரு பக்கத் தாளில், தமிழில், அவர் பங்கு எவ்வளவு, எப்போது கணக்கு, அவர் காலத்துக்குப் பிறகு யாருக்கு என்று எழுதி வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினோம். படிவத்தையும் திருத்தினோம். பணம் பெரிதாக வராது என்று சொன்னோம். “வரட்டும் வராமப் போகட்டும், எம்பேரு இருக்குல்ல?” என்று மட்டும் கேட்டார்.

அந்தப் படிவத்தில் இன்னொரு கட்டத்தில் நான் கவனக்குறைவாக இருந்துவிட்டேன். எங்கள் குழுவின் பெயர் கடலோடு சேர்ந்த ஒரு பொதுச்சொல். அதே பெயரில் ஒரு பக்திப் பாடகர் இருக்கிறார். ஏற்கெனவே இருக்கும் கலைஞர் பக்கத்தோடு இணைக்கவா என்று கேட்ட இடத்தில் எங்கள் முதல் ஆல்பத்தின் பக்கத்துச் சுட்டியைக் கொடுக்காமல் பெயரை மட்டும் தட்டினேன். எட்டில் மூன்று பாட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. விநியோக நிறுவனத்துக்கு எழுதி, பதில் வாங்கி, எங்கள் பக்கத்துக்கு அவை வந்து சேர மூன்று வாரம் பிடித்தது. ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்தில் ஐஎஸ்ஆர்சி என்று ஒரு குறியீடு உண்டு. அதை எழுதி வைத்திருந்ததால்தான் மூன்று வாரத்தோடு போயிற்று. பாட்டு தயாரானதும் அந்தக் குறியீடுகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

வெள்ளிக்கிழமை

தேதிக்கு வருகிறேன். உலகம் முழுக்கப் புதுப் பாட்டை வெள்ளிக்கிழமை வெளியிடுவது 2015 ஜூலை 10 முதல் நடைமுறை. அதற்கு முன்னால் அமெரிக்காவில் செவ்வாய், இங்கிலாந்தில் திங்கள் என்று நாட்டுக்கு நாடு மாறும். விநியோகப் படிவமும் வெள்ளியைத்தான் பரிந்துரைத்தது. காலண்டரைப் புரட்டியபோது ஜூன் 14 வெள்ளிக்கிழமையாக விழுந்திருந்தது. தடைக்காலத்தைப் பற்றிய ஆல்பம், தடைக்காலம் முடிகிற நாள், அதுவும் வெள்ளி. இதைவிடப் பொருத்தம் கிடைக்குமா என்று நாலு பேரும் மகிழ்ந்துபோனோம்.

எஞ்சின் உதிரிபாகக் கடையில் வேலை செய்கிறவன் நான். தடைக்காலம் முடிவதற்கு முந்தைய வாரம் எங்கள் கடையில் சோறு தின்ன நேரமிருக்காது. அப்படியிருந்தும் அந்த நாள் கரையில் எப்படியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆல்பம் என்று வந்ததும் என் மனசு சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டது, மண்டபத்தில் நிற்கவில்லை.

அன்று மாலை பாம்பனில் ஒரு சின்ன மேடை போட்டு வாசிப்பதாக இருந்தோம். டிரம்மர் வர முடியவில்லை. மேடைக்கு ஜெனரேட்டர் தருவதாகச் சொன்னவர் அதைப் படகு வேலைக்கு அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ரெண்டு மாதம் வருமானம் இல்லாத குடும்பங்களுக்கு முதல் நாள் கடல் என்றால் என்ன என்பதை எட்டுப் பாட்டில் எழுதிவிட்டு, அதே நாளில் வந்து எங்களைக் கேளுங்கள் என்றால் யார் வருவார்கள்?

வரிசையிலும் ஒரு தப்பு. முதல் பாட்டுக்கு முன்னால் ஒரு நிமிஷத்துக்கு மேல் வெறும் கடல் ஒலியைத் தனி டிராக்காக வைத்திருந்தோம். ஸ்பாட்டிஃபையில் ஒருவர் 30 விநாடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. புதிதாக வந்தவர்கள் கடல் ஒலியில் அதற்கு முன்னாலேயே கிளம்பியிருந்தார்கள். எனக்கு அந்தக் கடல் ஒலி இன்னமும் பிடிக்கும். ஆனால் அது இருக்க வேண்டிய இடம் ஆல்பத்தின் கடைசி.

மெமரி கார்டு

ஜூலை நடுவில் லீட் கிதார்காரன் ஒரு விஷயம் சொன்னான். அவன் கடைக்கு வருகிற படகுக்காரர்கள் இன்றைக்கும் பாட்டு ஏற்றித்தரக் கேட்கிறார்கள். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனால் போனில் சிக்னல் போய்விடும். தனுஷ்கோடியை ஒட்டிப் போனால் இலங்கை நெட்வொர்க் வந்து நிற்கும், அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ.தான். ஒரு தலைமுறைக்கு முன்னால் இலங்கை வானொலி கேட்டுக்கொண்டு போன கடல் அது. இப்போது பென்டிரைவும் மெமரி கார்டும்தான். “மாப்ள, நம்ம பாட்ட நெட்டுல தேடுற ஆளு கடல்ல இல்ல. கார்டுல போட்டுக் குடுப்போம்” என்றான்.

சும்மா காப்பி செய்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தோம். முதல் கார்டைப் படகில் போட்டுக் கேட்டுவிட்டு டிரம்மர் ரெண்டு குறை சொன்னான். பாட்டு வரிசை மாறி மாறி வருகிறது, அம்பா முதலில் வந்துவிட்டது. இன்னொன்று, எஞ்சின் ஓடும்போது பாதிப் பாட்டு காதில் விழவே இல்லை.

வரிசைக்குக் காரணம், படகில் இருக்கிற மலிவான பிளேயர்கள் கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை. எது முதலில் கார்டில் எழுதப்பட்டதோ அதையே முதலில் பாடும். மொத்தமாகப் பிடித்து ஒட்டினால் கணினி தன் இஷ்டத்துக்கு எழுதும். கார்டை ஃபார்மட் செய்து, ஒவ்வொரு பாட்டாக வரிசைப்படி காப்பி செய்ததும் சரியானது. ஒரு கார்டுக்கு ரெண்டு மூணு நிமிஷம் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

ரெண்டாவது குறைக்கு ஆல்பத்தையே மறுபடி மாஸ்டர் செய்ய, அதாவது வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சரிக்கட்ட, வேண்டியிருந்தது. இணையத்துக்கு அனுப்பியது, தளங்கள் சத்தத்தைச் சமப்படுத்தும் -14 எல்யுஎஃப்எஸ் என்ற சத்த அளவை மனதில் வைத்து, மெல்லிய இடம் மெல்லியதாகவும் ஓங்கும் இடம் ஓங்கியும் இருக்கும்படி செய்த மாஸ்டர். வீட்டில் ஹெட்போனில் கேட்டால் அழகு. டீசல் எஞ்சினின் சத்தமோ பெரும்பாலும் கீழ்ச்சுரங்களில் குவிந்து கிடக்கிறது. அது பேஸையும் கிக் டிரம்மையும் விழுங்கிவிடும், மெல்லிய இடங்களையும் மூடிவிடும். டிரம்மர் தன் போனில் எஞ்சின் சத்தத்தை அஞ்சு நிமிஷம் பதிந்து கொண்டுவந்தான். அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டுக்கொண்டே மிக்ஸ் செய்தோம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்ததை வெட்டினோம். குரலும் கிதாரும் வாழ்கிற 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியைத் தூக்கினோம். மெல்லிய இடத்துக்கும் ஓங்கிய இடத்துக்கும் இருந்த தூரத்தைக் கம்ப்ரசர் போட்டுக் குறைத்தோம். வெட்டுப்பட்டதெல்லாம் என் வாசிப்பு. மூன்று பாட்டில் பேஸ் எங்கே இருக்கிறது என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. ஆனால் எஞ்சினுக்கு மேலே பாடகரின் சொல் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. நாங்கள் அதைப் படகு மாஸ்டர் என்கிறோம்.

மேடையை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றினோம். சனி போன படகு ஞாயிறு காலை திரும்பிவிடும், திங்கள்தான் மறுபடி கடல். ஆடி மாதம், கச்சான் பலமாக வீசிய நேரம் என்பதால் வடகரையில், வலை குடோன் முன்னாலேயே வாசித்தோம். வேட்டியை மடித்துக்கட்டி மணலில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் எங்களுக்குச் சித்தப்பா, மாமா முறை. அம்பாப் பாட்டுக்குப் பெரியவர் மேடையேறவில்லை. கூட்டத்துக்கு நடுவில் நின்றபடியே எடுத்துக் கொடுத்தார். ஏற்றுப் பாடியது நாங்கள் இல்லை, கரை. பாட்டு வேகமெடுத்த இடத்தில் டிரம்மர் அவரைப் பார்த்துக்கொண்டே வாசித்தான், கீழே பார்க்கவில்லை. அன்றைக்குக் கொண்டுபோயிருந்த கார்டெல்லாம் தீர்ந்து, மறுநாள் கடையில் வந்து கேட்டார்கள். அதற்கப்புறம்தான் இணையத்திலும் எண்ணிக்கை நகரத் தொடங்கியது. வளைகுடாவில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு வீட்டிலிருந்து சுட்டி போயிருக்கிறது.

அமெரிக்க ராக் குழு நிர்வானாவின் இரண்டாவது ஆல்பம் 1991 செப்டம்பர் 24 அன்று வெளியானபோது அமெரிக்கக் கடைகளுக்கு முதலில் போனது ஏறத்தாழ 46,000 பிரதிதான். பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு அது வந்தது 1992 ஜனவரியில். அந்த உயரத்தோடு எங்களை ஒப்பிட இதைச் சொல்லவில்லை. வெளியான முதல் வாரத்தைப் பார்த்துவிட்டு, ஆல்பம் போயிற்று என்று ஜூன் கடைசியில் நான் ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அப்போது எங்கள் பாடகர் எனக்குச் சொன்ன கணக்கு இது.

மூன்றாவது ஆல்பத்துக்குப் பாட்டு சேர்ந்துகொண்டிருக்கிறது. இந்தத் தடவை பதிவுக்கு முன்னால் ஒவ்வொரு பாட்டையும் குறைந்தது மூன்று ஞாயிற்றுக்கிழமை கரையில் வாசித்துப் பார்ப்பது என்று வைத்திருக்கிறோம். தேதியை டிரம்மர் குறிப்பான், நான் குறிக்க மாட்டேன். ஏப்ரல் 15-க்கு வலை கரையேறும் என்பதால் குடோன் சாவியை மாமாவிடம் மார்ச் மாதமே கேட்டு வைத்தாயிற்று. போன வாரம் பெரியவரைப் பார்க்கப் போயிருந்தேன். பேரன் போனில் அம்பாப் பாட்டை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கட்டிய மூன்று வரியில் ரெண்டாவது வரி சரியாக விழவில்லையாம், மாற்றி வைத்திருக்கிறாராம்.

“மறுபடி அந்த மைக்கை எடுத்துட்டு வாங்க தம்பி. அந்த டிக் டிக்க மட்டும் கொண்டாராதீங்க.”